சத்தூரியோ இங்கிலீஷ் படித்த காரணம்

எங்கள் நவால்பினாரில் எதையாவது இலவசமாகக் கொடுத்தால், அதைத் தலைகீழாகத் திருப்பி, அடியில் என்ன ஒட்டியிருக்கிறது என்று பார்த்துவிட்டுத்தான் வாங்குவோம். ஆகவே, 'குழந்தைகளுக்கும் பெரியவர்களுக்கும் இலவச ஆங்கிலம்' என்று மாகாண நிர்வாகம் தேவாலயத்துக்கு எதிரே நோட்டீஸ் ஒட்டியபோது, ஊர் அதை மரியாதையோடு படித்தது. பிறகு, இதில் யாருக்கு என்ன லாபம் என்று யோசிப்பதற்காக மதுக்கடைக்குப் போனது.

டாம்சின் என்கிற இங்கிலாந்துப் பெண் வந்து இறங்கினாள். எப்போதும் சிரித்த முகம். அது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. சனிக்கிழமைகளில் சதுக்கத்தில் பிள்ளைகளை உட்காரவைத்து, அட்டையில் வெட்டிய பழங்களை ஆங்கிலத்தில் விற்கச் சொன்னாள். முதியோர் மன்றத்தில் தம்போலா எண்களை ஆங்கிலத்தில் கூப்பிட்டாள். பெரியவர்களுக்குச் செவ்வாய், வியாழன் மாலை ஐந்து மணிக்குப் பண்பாட்டு மன்றத்து மாடியில் உரையாடல் வகுப்பு. முதல் வாரம் வந்தவர்கள் இரண்டே பேர்: மருந்துக்கடை அம்மாள், அவளைத் தனியே அனுப்ப மனமில்லாத அவள் அக்கா.

அதே வகுப்பு ஒரு மாதத்துக்குள் மாகாணத்திலேயே பெரிய வகுப்பாக ஆனதற்கு ஒரே மனிதர்தான் பொறுப்பு. மர அறுவை ஆலையில் காலம் தள்ளி ஓய்வு பெற்ற சத்தூரியோ.

அவர் மொழிப்பற்றைப் புரிந்துகொள்ள வேண்டுமானால் எங்கள் ஊர்க் காளானைப் புரிந்துகொள்ள வேண்டும். இலையுதிர் காலத்தில் இரண்டு மழை ஒழுங்காகப் பெய்தால் பைன் காட்டில் நீஸ்கலோ முளைக்கும். ஆரஞ்சு நிறம், கீறினால் ஆரஞ்சுப் பால் கசியும், கை பட்ட இடம் பச்சையாக மாறும். பார்க்க விஷம் மாதிரி, பூண்டு போட்டு வதக்கினால் சொர்க்கம் மாதிரி. எங்கள் ஊரில் ஒருவன் தன் சம்பளத்தைச் சொல்வான், மூல வியாதியைச் சொல்வான், பெண்டாட்டி எதற்காகப் பேசாமல் இருக்கிறாள் என்பதையும் சொல்வான். காளான் எடுக்கும் இடத்தை மட்டும் சொல்லமாட்டான். வடக்கே போகிறவன் தெற்குச் சாலையில்தான் கிளம்புவான். வண்டியில் மீன் தூண்டில் நீட்டிக்கொண்டிருக்கும். கூடை கம்பளிக்கு அடியில் கிடக்கும்.

சத்தூரியோவின் தகப்பனார் சாகும்போது பாவங்களைப் பாதிரியாரிடம் சொன்னார். இடத்தை, பாதிரியார் வெளியே போன பிறகு மகனிடம் சொன்னார். சத்தூரியோ அதை மனைவி விசியிடம்கூடச் சொன்னதில்லை. காரணம் எளிது: விசிக்கு தெமெத்ரியோ என்று ஒரு தம்பி இருந்தான். லாரி ஓட்டி ஓய்ந்தவன். கண்ணும் காதும் ஓயவில்லை.

இந்த நிலையில் ஒரு நாள் இரவுச் சாப்பாட்டில், பேத்தி ஹிமேனா பருப்புச் சூப்பைக் கிளறிக்கொண்டே, ஆங்கில வகுப்பில் நடந்ததைச் சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை வீட்ல எல்லாரும் எங்க போவீங்கன்னு டீச்சர் கேட்டாங்க தாத்தா. ஒவ்வொருத்தரா சொல்லச் சொன்னாங்க."

சத்தூரியோவின் கரண்டி பாதி வழியில் நின்றது.

"எதுக்குக் கேக்குறா?"

"பாடம்யா அது," என்றாள் விசி. "புள்ளைங்களுக்குப் பேச்சு வரணும்ல."

"ஆறு, குளம்னு கேட்டாப் பேச்சு வராதா? ஞாயித்துக்கிழமை எங்க போறன்னு எதுக்குக் கேக்கணும்? அதுவும் காளான் வர்ற நேரத்துல?"

விசி சூப்புச் சட்டியை மூடிவைத்தாள். கேள்வியில் நியாயம் இருப்பதாக அவளுக்கும் பட்டிருக்கலாம்.

சத்தூரியோ இவ்வளவு விசாரித்ததற்குத் தனிக் காரணம் இருந்தது. போன வருஷம் விசிக்குக் கண் அறுவை நடந்த அன்று, பேத்தியை விட்டுவிட்டுப் போக ஆள் இல்லாமல், அவளையும் அந்த இடத்துக்கு அழைத்துப் போயிருந்தார். போகும்போது ஊரை மூன்று சுற்றுச் சுற்றி அவளுக்குத் திசை தெரியாமல் அடித்தார். ஆனால் அவள் அறிவாளி, அவருடைய பேத்தி.

அடுத்த செவ்வாய்க்கிழமை, தலையை வாரிக்கொண்டு, வகுப்பின் கடைசி வரிசையில் சத்தூரியோ உட்கார்ந்திருந்தார். பிள்ளைகளிடமிருந்து அந்தப் பெண் எதைக் கறக்கிறாள், கறந்ததை யாரிடம் ஊற்றுகிறாள் என்று தெரிய வேண்டும். அதற்கு அவள் பாஷை தெரிய வேண்டும்.

செய்தி மதுக்கடையை எட்டியது. தெமெத்ரியோ கோப்பையைக் கீழே வைத்தான்.

"அறுபத்தேழு வயசுல இங்கிலீஷா? வெளிநாட்டுக்காரனுக்குக் காளான மொத்தமா வித்துத் தள்ளப் போறாரு மச்சான். சும்மா விடலாமா?"

வியாழக்கிழமை அவனும் வந்தான். மச்சானும் மாப்பிள்ளையும் ஒரே அறையில் கூடுகிறார்கள் என்றதும் கால்நடை டாக்டர் வந்தார். ரொட்டிக்கடைக்காரர் வந்தார். நானும் போனேன்; தனியாக வெளியே நிற்பது புத்திசாலித்தனம் இல்லை. கூட்டுறவுச் சங்கத்திலிருந்து நாற்காலிகள் இரவல் வாங்கினோம். யாரும் ஒரு நாளும் விடுப்பு எடுக்கவில்லை. வராத நாளில் என்ன பேசப்படுமோ என்ற பயம் எங்களை இலக்கணத்தில் கரைகண்டவர்களாக ஆக்கியது. மாகாணத் தலைநகரிலிருந்து ஓர் அதிகாரி வந்து பார்த்தார். இப்படி ஒரு அறிவுப் பசியைத் தன் பணிக்காலத்தில் கண்டதில்லை என்று எழுதிக்கொண்டு போனார்.

டாம்சினுக்கு ஒரே ஒரு கவலை. "ஞாயிற்றுக்கிழமை என்ன செய்தீர்கள்?" என்று யாரைக் கேட்டாலும், "வீட்டில் இருந்தேன். தொலைக்காட்சி பார்த்தேன்," என்றே பதில் வந்தது. டாக்டரும் அதையே சொன்னார், அவர் பூட்சில் பைன் ஊசியிலை ஒட்டியிருந்தபோதும். ஊர் முழுக்க இப்படி வீட்டுக்குள்ளேயே முடங்கிக் கிடக்கிறதே என்று இரக்கப்பட்டு, காட்டுக்குள் நடந்துகொண்டே ஆங்கிலம் பேசலாம் என்று ஒரு திட்டம் சொன்னாள். அந்த நிமிடமே வகுப்பு மொத்தத்துக்கும் முட்டிவலி வந்தது.

ஆபத்து வேறு பக்கத்திலிருந்து வந்தது. பிலார் மாதா திருநாளுக்கு மன்றத்து மேடையில் பிள்ளைகள் ஆளுக்கு நாலு வாக்கியம் ஆங்கிலத்தில் பேசுவார்கள் என்று அறிவிப்பு. தலைப்பு: எனக்குப் பிடித்த இடம்.

சத்தூரியோ பேத்தியைக் கோழிக்கூண்டுப் பக்கம் அழைத்துப் போனார்.

"கண்ணு, நீச்சல் குளம்னு சொல்லிடு. நீச்சல் குளம் உனக்குப் பிடிக்கும்ல?"

"பிடிக்காது. மூக்குல தண்ணி ஏறுது."

"சர்ச்சுன்னு சொல்லு."

"அது பொய் தாத்தா. சர்ச்சுல பொய் சொன்னாத்தான் தப்பா? சர்ச்சப் பத்திப் பொய் சொன்னாத் தப்பில்லையா?"

"சரி, ஒரு சைக்கிள் வாங்கித் தர்றேன்."

"எதுக்கு?" என்று கேட்டாள் ஹிமேனா, கண்ணைச் சுருக்கிக்கொண்டு. ரத்தம் அப்படி.

திருநாளன்று அவள் மேடையேறினாள். ஒரு மாதத்துக்கு முன்பு என்றால் அவள் எதைச் சொல்லியிருந்தாலும் ஊருக்குச் சேவல் கூவியது மாதிரிதான் கேட்டிருக்கும். இப்போதோ சந்தேகத்தின் புண்ணியத்தில் சபையில் இருந்த அத்தனை பேருக்கும் ஆங்கிலம் புரியும். வடக்கே ஓநாய்ச் சுனைக்கு மேலே, இடிந்த ஆட்டுப்பட்டிக்குப் பின்னால், மின்னல் பிளந்த பைன் மரத்தைத் தாண்டி, பாசிக்குள் ஆரஞ்சுக் காளான்கள் தூங்குகின்றன என்றும், அதுதான் தனக்கும் தாத்தாவுக்கும் பிடித்த இடம் என்றும், பிழையில்லாமல் சொல்லிக் குனிந்து வணங்கினாள்.

சத்தூரியோ சாய்ந்து உட்கார்ந்தார். முகத்தில் ரத்தமே இல்லை.

தெமெத்ரியோதான் முதலில் சிரித்தான்.

"மச்சான், பச்சப் புள்ளைய வச்சா எங்கள வடக்க அனுப்பப் பாக்குறீங்க? வெக்கமா இல்ல உங்களுக்கு?"

"நான் எதுவும் சொல்லிக் குடுக்கல மாப்ளே."

"அதான், அதேதான். சொல்லிக் குடுக்கலன்னு நீங்களே வந்து சொல்றீங்க பாருங்க."

எல்லோருக்கும் அது சரியென்று பட்டது. தன் இடத்தைச் சொல்கிற ஆள் எங்கள் ஊரில் பிறந்ததில்லை. ஆகவே சொல்லப்பட்ட இடம் அவருடையதாக இருக்க முடியாது. வடக்கு என்றால் தெற்கு. ஞாயிற்றுக்கிழமை ஊர் முழுக்கத் தெற்கே போய் முள்ளில் கிழிபட்டது. உண்மையைச் சொல்லியே ஒரு ரகசியம் காப்பாற்றப்பட்டதை நான் பார்த்தது அந்த ஒருமுறைதான்.

ஆனால் சொன்னதைச் சொன்னபடி நம்புகிற ஒருத்தி ஊரில் இருந்தாள்.

அந்த ஞாயிறு பிற்பகல், ஆட்டுப்பட்டிச் சுவரைத் தாண்டிய சத்தூரியோ, தன் தகப்பனாரின் பாசியின் மேல் டாம்சின் குந்தியிருப்பதைக் கண்டார். கையில் பிளாஸ்டிக் பை. காளானுக்குப் பிளாஸ்டிக் பையைக் கொண்டுவந்தவளைப் பார்த்ததிலேயே பாதி உயிர் போனதாகப் பின்னால் என்னிடம் சொன்னார். இருந்தும் ஓர் ஆறுதல்: ஆரஞ்சுக் காளான்கள் அப்படியே இருந்தன. ஒன்றை மட்டும் உடைத்துப் பார்த்து, பால் கசிந்து பச்சை படர்ந்ததும் பயந்து எறிந்திருக்கிறாள்.

பைக்குள் எட்டிப் பார்த்தார். வெளிறிய பச்சையில், பட்டுக் குடை மாதிரி நாலு காளான். பக்கத்து ஊரில் ஒரு குடும்பத்தையே கல்லறைக்கு அனுப்பிய ஜாதி.

சந்தேகக்காரர்தான், கொலைகாரர் இல்லை. பையைப் பிடுங்கிக் கொட்டி மிதித்தார். தன்னிடமிருந்த ஆங்கிலத்தையெல்லாம் திரட்டினார். "இது சாப்பிடுவாய். நாளை நன்றாய் இருப்பாய். நாளைக்கு அடுத்த நாள் சாவாய்."

டாம்சின் வெளுத்துப்போனாள். "கடவுளே. அப்படியானால் இந்த ஆரஞ்சு நிறக் காளான்கள்?"

இங்கேதான் மனிதர் ஒரு கணம் யோசித்தார். ஒரு கணம்தான்.

"இது இன்னும் கெட்டது," என்றார். "தொட்டாலும் கெட்டது. இங்கே வராதே."

அவள் கையைப் புல்லில் தேய்த்துத் தேய்த்துத் துடைத்தாள். அழுதாள். அவர் அவளைப் பாதைவரை கொண்டுவிட்டுத் திரும்பி, கூடை நிறைய அறுத்துக்கொண்டு, தெற்கே சுற்றி ஊருக்குள் வந்தார். அன்று இரவு வதக்கிய நீஸ்கலோவைச் சாப்பிட்டபோது, ஆங்கிலம் பயனுள்ள மொழி என்று விசியிடம் ஒப்புக்கொண்டார்.

செவ்வாய்க்கிழமை வகுப்பில் டாம்சின் புத்தகத்தைத் திறக்கவில்லை.

"உங்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்," என்றாள் ஆங்கிலத்தில், நாங்கள் எல்லோரும் புரிந்துகொள்ளும்படி மெதுவாக. "இந்த மனிதர் என் உயிரைக் காப்பாற்றினார்."

எல்லோரும் திரும்பினோம். சத்தூரியோ அடக்கமாகத் தலையை ஆட்டினார். அவள் அத்தோடு நிறுத்துவாள் என்று நம்பியிருப்பார்.

"ஹிமேனா சொன்ன இடத்துக்குப் போயிருந்தேன். ஓநாய்ச் சுனைக்கு மேலே. தயவுசெய்து உங்கள் பிள்ளைகளை அங்கே விடாதீர்கள். தரை முழுக்க விஷக் காளான். நூற்றுக்கணக்கில். எல்லாம் ஆரஞ்சு நிறம்."

தெமெத்ரியோ கையைத் தூக்கினான். சேர்ந்த நாளிலிருந்து அவன் கேட்ட முதல் கேள்வி அது. வாக்கியத்தில் ஒரு குறைகூட இல்லை.

"உடைத்தால் பால் வந்ததா, ஆசிரியை அவர்களே?"

"வந்தது. ஆரஞ்சுப் பால். பிறகு பச்சையாக மாறிவிட்டது. பயங்கரம்."

"பயங்கரம்தான்," என்றார் கால்நடை டாக்டர். "விஷம் என்று யார் சொன்னது?"

"இவர்தான்," என்று அவள் நன்றியோடு சத்தூரியோவைக் காட்டினாள்.

கை தட்டினோம். உள்ளங்கை சிவக்கத் தட்டினோம். தெமெத்ரியோ எழுந்து நின்று தட்டினான். "ஒரு உயிரக் காப்பாத்திட்டீங்க மச்சான். பெரிய மனசு உங்களுக்கு," என்று சொல்லிக்கொண்டே ஜாக்கெட்டை மாட்டினான். டாக்டருக்கு ஒரு பசு கன்று போட இருந்தது. ரொட்டிக்கடைக்காரருக்கு மாவு புளிக்க இருந்தது. மருந்துக்கடை அம்மாளும் அக்காவும் காரணமே சொல்லவில்லை; வயது காரணமாக ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு படியில் ஓடினார்கள். இருட்ட இன்னும் நேரம் இருந்தது.

சத்தூரியோவும் எழுந்தார். ஆனால் டாம்சின் அதற்குள் வந்து, அவருடைய வலது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். தன் அம்மாவிடம் தொலைபேசியில் சொன்னதாகவும், அம்மாவும் அழுததாகவும், அடுத்த கோடையில் அவரைப் பார்க்கவே அம்மா வரப்போவதாகவும் சொல்லத் தொடங்கினாள். அதையெல்லாம் புரிந்துகொள்ளும் அளவுக்கு அவருக்கு ஆங்கிலம் வந்திருந்தது. நடுவில் வெட்டிவிட்டுக் கிளம்பும் அளவுக்கு இன்னும் வரவில்லை.

கீழே வண்டிகள் ஒவ்வொன்றாக உறுமின. சத்தத்தை வைத்தே எது யாருடையது என்று அவருக்குத் தெரியும். ஒன்றுகூடத் தெற்கே திரும்பவில்லை.