அத்தைக்குக் கிடைத்த சின்னம்

எங்கள் அத்தை சட்டமன்றத் தேர்தலில் நின்றவர் என்று சொன்னால், கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்தில் உட்காருகிற பெண் நம்புவதில்லை. எந்தக் கட்சி என்று கேட்பாள். பெயரைச் சொன்னால், அப்படி ஒரு கட்சி இருக்கிறதா என்பாள். அவளைக் குற்றம் சொல்ல முடியாது. ஏரி, குளம், மரம், காற்று இவற்றைக் காப்பாற்றவென்று தொடங்கிய கட்சி அது. தமிழ்நாடு முழுக்கக் கிளைகள் இருப்பதாகத் தலைவர் சொல்லுவார். எங்கள் பக்கத்துக் கிளை என்பது அத்தையும், வாலாஜாபாத்தில் சைக்கிள் கடை வைத்திருந்த ஒருவரும்தான்.

அத்தை என் அப்பாவின் தங்கை. ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் லைனில் நின்று வேலை செய்துகொண்டிருந்தவர், காண்ட்ராக்ட் முடிந்ததும் எங்கள் வீட்டோடு வந்துவிட்டார். அந்த வருஷம்தான் ஊர் ஏரியில் மண் அள்ள ஆரம்பித்தார்கள். சுற்றிலும் குடோன் கட்டுகிறவர்களுக்குத் தரையை மேடாக்க மண் வேண்டியிருந்தது. அத்தை தாலுகா ஆபீசுக்கும் கலெக்டர் ஆபீசுக்குமாக நடையாய் நடந்தார். இதில் ஒரே ஒரு சங்கடம், அந்த மண்ணை ஏற்றிப்போன டிப்பர் லாரிகளில் ஒன்றை ஓட்டியவர் என் அப்பா. அண்ணனும் தங்கையும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். "உங்கப்பாவ துன்ன வர சொல்லு", "உங்கத்தைகிட்ட மோட்டார நிறுத்த சொல்லு" என்று இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஓடிக்கொண்டிருந்தேன். பிரைமரி ஸ்கூல் வயதில் எனக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது.

தேர்தல் வந்தது, அத்தை வேட்பாளரானார். பெரிய கட்சிகளுக்கு நிரந்தரச் சின்னம் உண்டு, மற்றவர்கள் பட்டியலில் இருப்பதிலிருந்து கேட்டு வாங்க வேண்டும். அத்தை கிணறு கேட்டார், பானை கேட்டார், தென்னந்தோப்பு கேட்டார். எல்லாவற்றையும் வேறு யார் யாரோ தட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கடைசியில் அவருக்கு ஒதுக்கியது லாரி.

ஸ்ரீபெரும்புதூரிலிருந்து திரும்பி வந்தவர் வாசற்படியில் உட்கார்ந்து சிரிக்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர் வந்த பிறகும் சிரிப்பு நிற்கவில்லை.

"ஏரிய காப்பாத்த லாரிக்கு ஓட்டு போடுங்கன்னு கேப்பியா?" என்றாள் அம்மா.

"வேற இன்னா அண்ணி பண்றது? அப்படித்தான் கேக்கணும்."

எனக்கோ தலைகால் புரியவில்லை. எங்கள் அப்பாவின் லாரி தேர்தலில் நிற்கிறது என்று வகுப்பு முழுக்கச் சொல்லிவிட்டேன்.

அந்தக் கட்சியில் ஓட்டுக் கேட்பதற்கும் ஒரு ஆசாரம் இருந்தது. பிளெக்ஸ் கூடாது, பட்டாசு கூடாது, மைக் கூடாது, பெட்ரோல் டீசல் வண்டி கூடவே கூடாது. மஞ்சளும் அவுரியும் கரைத்துத் துணியில் எழுதிய பேனர்கள் ஒரு கோடை மழையில் கரைந்து, மரத்தில் காயப்போட்ட பழைய வேட்டிகளாகிவிட்டன. சென்னையிலிருந்து தலைவர் ஒரு தடவை வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கி வெயிலில் நடந்தே வந்தார், கையில் செம்புக் கூஜாவில் தண்ணீர். நல்ல மனிதர்தான், பொய்யில்லாதவர். சைக்கிளில்தான் போகவேண்டும் என்று அத்தையிடம் சொல்லிவிட்டுப் போனார். ஒரகடம் ரோட்டில் கண்டெய்னர் வண்டிகள் எப்படிப் போகும் என்று அவருக்குத் தெரியாது.

ஒரு சாயங்காலம் அத்தை முழங்கை தோலுரிந்து, சேலையெல்லாம் சேறாக வந்து நின்றார். பின்னால் வந்த டிரெய்லர் ஒட்டி உரசிப் போனதில் சைக்கிளோடு பள்ளத்தில் விழுந்திருக்கிறார். அம்மா மஞ்சள் வைத்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த அப்பா பாதியில் கையைக் கழுவிவிட்டு என்னைக் கூப்பிட்டார்.

"நாளைக்கும் அந்த சைக்கிள்லதான் போறாளாமா, கேளு."

"ஆமான்னு சொல்லு" என்றார் அத்தை.

மறுநாள் காலையில் எங்கள் வாசலில் லாரி நின்றது. கழுவி, சாமந்தி மாலை போட்டு, டயர்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்து ஆயுத பூஜை லாரியாக நின்றது. அப்பா டயரைப் பார்த்தபடி பேசினார். இந்தத் தடவை என் வழியாகப் பேசவில்லை.

"ஏறு. உன் சின்னம்தானே. ரோட்ல அடிபட்டு கெடந்தா எந்த கட்சிக்காரன் வந்து தூக்குவான்?"

"உன் மொதலாளிக்கு தெரிஞ்சா?"

"அத நான் பாத்துக்கறேன். உங்க தலைவருக்கு தெரிஞ்சா?"

"அத நான் பாத்துக்கறேன்" என்று அத்தை சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறினார்.

பின்னால் இருந்த தொட்டியில் நானும் தெருப் பிள்ளைகளும். சைக்கிளில் போனபோது எட்டிப் பார்க்காத ஊர்களெல்லாம் லாரியைக் கண்டதும் வாசலுக்கு வந்தன. சின்னமே நேரில் வந்துவிட்டதே என்று ஆண்கள் கேலி பேசினார்கள். பெண்கள் ஆரத்தி எடுத்தார்கள், அத்தைக்கு ஒரு சுற்று, லாரிக்கு ஒரு சுற்று. ஒரு தெருவில் குடத்தோடு நின்ற பெண் தொட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாமே, இது நம்ம ஏரி மண்ணுதானே ஒட்டிகினு கீது?" என்று கேட்டுவிட்டாள். அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அத்தை சட்டென்று, "ஆமாக்கா, திருப்பி எடுத்தாந்து போடத்தான் ஓட்டு கேக்கறோம்" என்றார். தெருவே கை தட்டியது. அப்பாவும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

யாரோ போனில் எடுத்த படம் மத்தியானத்துக்குள் ஊர் ஊராகப் போயிருக்கிறது. லாரி முதலாளி ஒரு பெரிய கட்சியில் பொறுப்பில் இருந்தவர். பிள்ளைகள் நாங்கள் இறங்கிப் போயிருந்த நேரத்தில் வழியிலேயே ஆள் அனுப்பி அப்பாவிடம் சாவியை வாங்கிக்கொண்டார். மண் லாரியில் ஏறி ஓட்டுக் கேட்டவர் எங்கள் வேட்பாளரே இல்லை என்று அத்தையின் கட்சியும் கைகழுவிவிட்டது. ஓட்டு மெஷினில் அவர் பெயரும் லாரிப் படமும் மட்டும் மிஞ்சின. இதெல்லாம் பெரியவளான பிறகு அம்மா சொல்லித் தெரிந்துகொண்டது. அப்பாவுக்கு அதற்குப் பிறகு யாரும் வண்டி கொடுக்கவில்லை. ஏரி இருந்த இடத்தில் எழும்பிய குடோனில் இப்போது செக்யூரிட்டியாக இருக்கிறார். அத்தை சென்னைப் பக்கம் போனவர், பொங்கலுக்குக்கூட அபூர்வமாகத்தான் வருகிறார். ஒருவருக்காக ஒருவர் ஒரே ஒரு நாள் நின்றார்கள், அதற்கு இரண்டு பேரும் கையில் இருந்ததைத் தொலைத்தார்கள். எனக்கு இன்றும் மனசு ஆறவில்லை.

அன்று சாயங்காலம் நான் பார்த்தது வேறு. எங்களையெல்லாம் நடத்திக் கூட்டிக்கொண்டு வந்த அப்பாவிடம் லாரி எங்கே என்று கேட்டேன். "சர்வீசுக்கு வுட்டுகீது. அப்பாக்கு லீவு" என்றார். அத்தை யாரிடமோ போனில் "சரிங்க ஐயா, சரிங்க ஐயா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்து அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரே சொம்புத் தண்ணீரை இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் குடித்தார்கள். அம்மா அடுப்படியில் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள், விறகுப் புகை என்று நினைத்தேன். அண்ணனும் தங்கையும் இப்படிச் சேர்ந்து உட்கார்ந்திருப்பதைப் பார்க்க எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. சாமி, அந்த லாரி சர்வீசிலிருந்து திரும்பி வரவே கூடாது என்று கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டேன்.