வடக்குச் சுவர்: காலி

ஆடிப் பதினெட்டு, புதன்கிழமை. காலை ஏழேகாலுக்கு ஜனார்தன் மஞ்சள் பையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, காந்தி மார்க்கெட்டில் விதை வாங்கி வருவதாகச் சொல்லிக் கிளம்பினார். அது இரண்டாயிரத்துப் பதினொன்றாம் வருஷம். அவர் மனைவி வேதவதி மாமி இதைச் சொல்லும்போது கை நிற்பதில்லை. பழைய தாள் ஒன்றின் பின்பக்கத்தில் ஸ்கேலை அழுத்திப் பிடித்துக் கட்டம் போட்டுக்கொண்டே இருப்பார். “காபி குடிச்சுட்டுப் போங்கோன்னேன். வந்து குடிக்கறேன்னார்,” என்பார். பிறகு தாளில் கிடக்கும் ரப்பர் துகளை ஊதிவிட்டு அடுத்த கோட்டுக்குப் போய்விடுவார்.

மாமியின் வீடு ஸ்ரீரங்கத்தில், மூலத்தோப்புப் பக்கம். வயது அறுபது. ஒரு கல்லூரி அலுவலகத்தில் இருபத்தாறு வருஷம் டைம்டேபிள் போட்டவர். யாருக்கு எந்த வகுப்பு, யார் லீவு போட்டால் பதிலுக்கு யார் போவது என்று கட்டம் கட்டமாக யோசித்துப் பழகிய மூளை. ஓய்வு பெற்ற பின்னும் அந்தப் பழக்கம் விடவில்லை. வீட்டுக்குப் பின்னால் பதினைந்தடி அகலம், நாற்பதடி நீளத்துக்கு ஒரு தோட்டம். தாளில் மேலிருந்து கீழாகப் பாத்திகள், இடமிருந்து வலமாக வாரங்கள். “புரட்டாசி மூணாம் வாரம் தண்டுக்கீரை ரிலீவ் ஆறது. அந்த இடத்துல முள்ளங்கி வந்து உக்காரணும். ஒரு பாத்தி சும்மா இருந்தா எனக்குத் தூக்கம் வராது.” கத்தரி அடுத்தடுத்த வருஷம் ஒரே பாத்தியில் வரக்கூடாது என்பதற்கும் கல்லூரிக் காரணம்தான். “ஒரே வாத்தியார் ஒரே கிளாஸுக்கு வருஷா வருஷம் போனா பசங்களும் கெட்டுப்போவா, வாத்தியாரும் கெட்டுப்போவார்.”

கிணறு, தென்னை, துவைக்கிற கல் மூன்றையும் நீல மையில் எழுதுவார். மற்றதெல்லாம் பென்சில். கல்லூரியிலும் பிரின்சிபல் கையெழுத்துப் போடும்வரை பென்சில்தானாம். “பேனாவால எழுதிட்டா அப்புறம் மாத்தப்படாது.”

ஒவ்வொரு செடியின் பெயருக்குப் பக்கத்திலும், அது யாருக்கு என்று ஓர் எழுத்து இருக்கும். ‘பெ.’ என்றால் பெருமாள். திருத்துழாய், நந்தியாவட்டை, பவழமல்லி எல்லாம் அவர் கணக்கு. அந்தப் பூக்களைப் பறிக்கக் குனியும்போது மாமி மூச்சை அடக்கிக்கொள்வதைப் பார்த்திருக்கிறேன். சுவாமிக்குப் போகிற பூவை முகர்ந்துவிடக் கூடாது. ‘வே.’ அவரே. மல்லிகைக்கு நேரே மட்டும் அது வரும். காலையில் தொடுத்த சரத்தில் ஒரு சாண் நறுக்கித் தலையில் வைத்துக்கொள்ளாமல் அவர் வாசலுக்கு வந்ததில்லை. ‘ஸ்ரீ.’ என்பது மகன் ஸ்ரீவத்ஸ். பெங்களூரில் வேலை, மாதம் ஒருமுறை வருவான், கொத்தவரங்காய் வேண்டும். கிணற்றடியில் உள்ள வெண்டைப் பாத்திக்கு நேரே ‘ஜ.’ என்று இருக்கும்.

ஆறு வருஷம் ஊர் ஊராகச் சுற்றிவிட்டு வந்த நான், திருச்சி கே.கே. நகரில் அம்மாவோடு ஒரு மாதத்துக்கு மேல் இருக்க முடியாமல், மாமி வீட்டு மாடியறைக்குக் குடிவந்தது 2023 வைகாசியில். “முட்டை மட்டும் உள்ளே வரப்படாது. மத்தபடி நீ யாரை வேணாலும் சேவிச்சுக்கோ,” என்றார். இரண்டாம் நாளே தாளோடு மாடியேறி வந்தார். “பிரான்சி, எத்தனை மாசம் இருப்பே? தெரிஞ்சாத்தானே கீரைக்கு இடம் ஒதுக்கலாம்.” தெரியாது மாமி என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கட்டத்தில் ‘மா.’ என்று எழுதினார். மாடி. “தெரியாதவாளுக்கு அரைக்கீரை. அறுக்க அறுக்க வரும். ஆள் இல்லேன்னாலும் கோச்சுக்காது.”

ஒருநாள் கிணற்றடியில் ஒரு வெண்டைக்காயைப் பறிக்கப் போனேன். “அது வேண்டாம்மா,” என்றார் பின்னாலிருந்து. அப்போதுதான் கவனித்தேன். ஒரு காய்கூடப் பறிக்கப்படவில்லை. செடியிலேயே முற்றி, பழுப்பேறி, காற்றடித்தால் உள்ளே விதைகள் கலகலத்தன. ஜனார்தன் கடைசியாகப் போட்ட வெண்டையிலிருந்து எடுத்த விதை. வருஷா வருஷம் அதையே காயவைத்து மறுபடி ஊன்றுகிறார். “பிஞ்சு வெண்டைன்னா அவருக்கு உசிர். எப்ப வந்தாலும் செடியில நாலு பிஞ்சு இருக்கணுமோல்லியோ?”

ஜனார்தனுக்குத் தபால் ஆபீசில் வேலை. வீட்டில் சண்டை இல்லை, உடம்புக்கு ஒன்றும் இல்லை. பஸ் நிறுத்தத்தில் பூ விற்கிற வள்ளிக்கண்ணு அவரைப் பார்த்திருக்கிறாள்; அதற்குமேல் யாருக்கும் தெரியாது. போலீஸ் தேடியது, பேப்பரில் படம் வந்தது. அன்று காவிரியில் தண்ணீர் நிறையப் போனதை நினைவுபடுத்துகிறவர்களிடம், “அவருக்கு நீச்சல் தெரியும்,” என்பதோடு மாமி நிறுத்திக்கொள்வார். மூன்றாம் வருஷம், பச்சைமலையில் ஒரு கிராமத்தில் அவர் சாயலில் ஒருவர் இருப்பதாக யாரோ சொல்ல, இருக்கிற ஒற்றை பஸ்ஸைப் பிடித்துத் தனியாகப் போனார். “அவர் இல்லை. அந்த மனுஷர் பாவம், தான் அவர் இல்லையேன்னு ரொம்ப வருத்தப்பட்டார். கையை வீசிண்டு திரும்ப வேண்டாமேன்னு ரெண்டு மரவள்ளிக் குச்சி கேட்டு வாங்கிண்டேன்.” அந்த மரவள்ளி தெற்கு மூலையில் இன்னும் இருக்கிறது. அதற்கு நேரே மட்டும் யார் எழுத்தும் இல்லை.

சும்மா கிடக்கும் பாத்தியைப் பொறுக்காத அந்தத் தாளில், வருஷா வருஷம் ஓரிடத்தில் மட்டும் ‘காலி’ என்று எழுதியிருக்கும். வடக்குச் சுவர். நாள் முழுக்க வெயில் விழுகிற இடம். முன்பு அங்கே பிரண்டை படர்ந்திருந்தது. அந்த வீட்டில் பிரண்டைக்கு ஒரே வேலைதான்: சிராத்தத்தன்று தளிகையில் துவையல். ஜனார்தன் தன் அப்பாவுக்குச் சிராத்தம் செய்துகொண்டிருந்தவரை அது தேவைப்பட்டது. அவர் போனபின் அந்தக் கடமை சென்னையிலுள்ள அவர் தம்பி வீட்டுக்கு மாறியது. அந்த வாரமே மாமி பிரண்டையை வேரோடு பிடுங்கிவிட்டார். கை இரண்டு நாள் அரித்ததாம். இப்போதும் பக்கத்து வீட்டுக் கொடி சுவரேறி எட்டிப்பார்த்தால், கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு போய் ஒடித்து, அந்தப் பக்கமே போட்டுவிடுவார். “இங்க யாருக்கு அது?”

நான் குடிவந்த வருஷத்து ஆடியோடு பன்னிரண்டு வருஷம் நிறைந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீவத்ஸ் வந்தான். பையைக்கூட இறக்கி வைக்காமல் தோட்டத்துக்கே வந்து, துவைக்கிற கல்லில் உட்கார்ந்தான். போனவர் பன்னிரண்டு வருஷம் திரும்பாவிட்டால், தர்ப்பையால் உருவம் செய்து தகனம் பண்ணிக் காரியங்களைச் செய்யலாம் என்று வீட்டுக்குப் புரோகிதம் பண்ணுகிற வாத்தியார் சொன்னாராம். அதன்பின் ஒரு திதி கிடைக்கும். வருஷம் தவறாமல் சிராத்தம் செய்யலாம். நான் அரைக்கீரை அறுத்துக்கொண்டிருந்தேன். எழுந்து போவதா வேண்டாமா என்று தெரியாமல் அப்படியே இருந்தேன்.

“ஆளே இல்லாம எரிக்கணுமாடா?”

“எரிக்கறதுக்கு இல்லம்மா. சாதம் போடறதுக்கு. நான் சாப்பிட உக்காரறச்சேயெல்லாம், அப்பா எங்கேயோ பசியோட நிக்கறார்னு தோணறது. பிள்ளைன்னு ஒருத்தன் இருந்தும் எள்ளும் தீர்த்தமும்கூட விடலை.”

“இருக்கறவருக்கு யாராவது எள்ளு விடுவாளா?”

“இருந்தார்னா…”

“பசியோட வந்தா சாப்பிடட்டுமேன்னுதான் பாத்தி போட்டு வெச்சிருக்கேன்.”

“பன்னெண்டு வருஷமா அந்த வெண்டைக்காயை யார்ம்மா சாப்பிட்டா?”

கிணற்றடியில் காய்ந்த காய்கள் சத்தம் போட்டன. ஸ்ரீவத்ஸ் தணிந்த குரலில், “பூ வெச்சுக்கறதை நீ விட வேண்டாம்மா. யார் கேக்கப்போறா?” என்றான்.

“பூவுக்காகன்னா நெனைச்சே?” குரல் உயரவில்லை. “பென்சில்ல இருக்கறதைப் பேனாவால எழுதுங்கறே. அதுதானே?”

மாலையில் அவன் கிளம்பும்போது ஒரு பை நிறையக் கொத்தவரங்காய் கொடுத்தார். வாங்கிக்கொண்டான். தெருமுனை திரும்பும்வரை மாமி வாசலிலேயே நின்றார்.

ஐப்பசியில் நானும் கிளம்பினேன். சொல்லிக்கொள்ளப் போனபோது தாள் அவர் மடியில் இருந்தது. ‘மா.’வை அழிக்க ரப்பரை எடுத்தார். பிறகு கீழே வைத்துவிட்டார்.

“காபி குடிச்சுட்டுப் போ,” என்றார்.

குடித்துவிட்டுத்தான் போனேன்.

அதற்குப்பின் மாமியிடமிருந்து பொங்கல் வாழ்த்தும் ஏகாதசி வாழ்த்தும்தான் வந்துகொண்டிருந்தன. இந்த ஆடியில், கிட்டத்தட்ட இரண்டு வருஷம் கழித்து, நான் வேறொரு தேசத்து பஸ் நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது வாட்ஸப்பில் ஒரு படம் வந்தது. கீழே ஒரே வரி: “இந்த வருஷ டைம்டேபிள். க்ளாஷ் ஏதாவது இருக்கா பார்.”

படத்தைப் பெரிதாக்கிக் கட்டம் கட்டமாகப் பார்த்தேன். அரைக்கீரைக்கு நேரே ‘மா.’ அப்படியே இருந்தது. மல்லிகைக்கு நேரே ‘வே.’, பென்சிலில். கிணற்றடி வெண்டைக்கு நேரே, வழக்கம்போல எழுதிவிட்டுப் பிறகு அழித்த சாம்பல் தடம். அதன்மேல் ‘எல்லாருக்கும்’ என்று இருந்தது. வடக்குச் சுவரில், கிணற்றையும் தென்னையையும் எழுதிய அதே நீல மையில், நிதானமான கையெழுத்தில்: ‘பிரண்டை — ஜ.’