டீக்கடைப் போர்டில் பத்துக்கு ஒன்று

நீங்கள் பார்த்தீர்கள், மாமா. உங்கள் கண்ணாலேயே பார்த்தீர்கள். பார்த்த பிறகும் அந்தப் பையனுக்குப் போட்ட ஒரு மார்க்கை நீங்கள் அழிக்கவில்லை. அவன் இன்று அணியில் இல்லை என்றால் அதற்குக் காரணம் நீங்கள்தான்.

இதை உங்கள் வீட்டுக்கு வந்தே சொன்னேன். மாமி காபி கொடுத்தாள். நீங்கள் மழையைப் பற்றிப் பேசினீர்கள். அதனால்தான் இப்போது எல்லோரும் படிக்கிற மாதிரி எழுதுகிறேன்.

எங்களைத் தெரியாதவர்களுக்கு முதலில் விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். மலையாளிகள் நடுவே தமிழ் பேசுகிற எங்கள் வலியசாலைத் தெருக்களைச் சேர்ந்த சிலர் ஒரு கால்பந்து அணியின் பின்னால் வருஷக்கணக்காக அலைகிறோம். பெரிய அணி இல்லை. ஜில்லாவில் நடக்கும் அமெச்சூர் லீகில் ஆடுகிற அணி. இருபத்துமூன்று வயதுக்குக் கீழ் உள்ள பையன்கள், சம்பளம் இல்லை, பஸ் காசும் சாப்பாடும் கிடைக்கும். நான் தண்ணீர் ஆபீசில் கவுண்டரில் உட்காருகிறவள். குழாயில் தண்ணீர் வராதவர்கள் எல்லோரும் என்னிடம்தான் வந்து கத்துவார்கள். நானும் திருப்பிக் கத்தப் பழகிவிட்டேன். கூட்டத்தில் நான் ஒருத்திதான் பெண். என் தொண்டைக்காகத்தான் என்னைச் சேர்த்துக்கொண்டதாகச் சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

மாமா பாங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். அவரை யாரும் தலைவராகத் தேர்ந்தெடுக்கவில்லை. சாக்பீஸ் அவர் கையில் இருக்கிறது, அவ்வளவுதான்.

சாக்பீஸ் எதற்கு என்றால், மார்க் போடுவதற்கு. சீசனுக்கு முன்னால் டிராஃப்ட் நடக்கும். ஊர் ஊராக வந்து டிரயல்ஸில் ஆடிக் காட்டிய பையன்களை ஒவ்வொரு அணியும் முறை வைத்துக் கூப்பிட்டு எடுத்துக்கொள்ளும். ஒரு அணி கூப்பிட்டவனை வேறு அணி எடுக்க முடியாது. அது முடிந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் தெரு முனையில் இருக்கும் டீக்கடையில் கூடுவோம். கடைக்காரச் சேட்டன் பழம்பொரி, உழுந்துவடை என்று எழுதி வைத்திருக்கும் போர்டைத் துடைத்துக் கொடுப்பார். எங்கள் அணி எடுத்த ஒவ்வொரு பையனின் ஊரையும் எழுதி, பக்கத்தில் பத்துக்கு எத்தனை என்று மார்க் போடுவோம். அதை யாராவது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் விடுவார்கள். மற்ற அணிகளின் ரசிகர்கள் திட்டுவார்கள். எங்களுக்கு அது ஒரு திருவிழா.

ஒரு விதி உண்டு. எழுதிய மார்க்கை சீசன் முடியும்வரை யாரும் அழிக்கக் கூடாது. அது வரை சேட்டன் தன் வடையைப் பேப்பரில் எழுதி ஒட்டிக்கொள்வார். விதி சும்மா வரவில்லை. முன்பெல்லாம் ஒருவன் கோல் அடித்ததும் அவனுக்கு மூன்று போட்டவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக எட்டு ஆக்கிவிட்டு, "நான் அப்பவே சொன்னேன்" என்று மார் தட்டுவார்கள். அந்தப் பித்தலாட்டத்தை நிறுத்த நீங்கள் கொண்டுவந்த விதி அது, மாமா. நல்ல விதி. அன்றைக்கு எனக்கு உங்கள் மேல் மரியாதை கூடியது.

இந்த வருஷ டிராஃப்டில் முதலில் எடுத்தது கடலோர விழிஞ்ஞத்துப் பையன், ஃபார்வர்டு. அவன் ஆடி நம்மில் ஒருவரும் பார்த்ததில்லை. ஒன்பது போட்டீர்கள்.

"விழிஞ்ஞம்னு கேட்டாலே போறும். கடப்புறத்துக் கொழந்தைகள் நடக்கறதுக்கு முன்னாடி பந்தடிக்கறதுகள், கேட்டோ."

கடைசியாக எடுத்தவன் போனக்காட்டுப் பையன். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பையன். அப்பா அம்மா தோட்டத்தில் வேலை பார்த்தவர்கள். இவன் விதுராவில் பெயிண்ட் அடிக்கப் போகிறான். இருபத்திரண்டு வயது. அதாவது இந்த சீசன்தான் அவனுக்குக் கடைசி. அடுத்த வருஷம் வயது தாண்டிவிடும். இது உங்களுக்கும் தெரியும். டிராஃப்ட் பட்டியலை உங்கள் முன்னால்தான் நான் படித்துச் சொன்னேன்.

அவனைப் பற்றி ஒரு வீடியோ சுற்றியது. தோட்டத்தில் யாரோ மொபைலில் எடுத்தது. வேறு யாரோ வெட்டி, கேலிக்குப் பாட்டு சேர்த்து விட்டிருந்தார்கள். அதில் அவன் பந்தை உதைக்கிறான். ஆள் இந்தப் பக்கம் நிற்கிறான், இவன் அந்தப் பக்கம் யாரும் இல்லாத இடத்தைப் பார்த்து உதைக்கிறான். உதைத்ததும் வீடியோ வெட்டு. அடுத்த உதை, அதேபோல. கூட்டம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. நீங்கள் டீ கிளாசைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தீர்கள்.

"போனக்காட்டுல ஒரு மனுஷன் நிக்கறதுக்கே சமமா எடம் கெடையாது. அங்க ஏதுடி ஃபுட்பால்? பூஜ்யம் போடப்படாது, பாவம். ஒண்ணு போடறேன்."

"டிரயல்ஸ்ல பாத்துட்டுத்தானே கோச் எடுத்திருக்கார்? சும்மாவா எடுப்பார்?" என்று கேட்டேன்.

"கடேசி ரவுண்ட்ல எடுக்கறதுக்கு ஆள் இல்லேன்னா என்ன செய்வார்? உன்னைக்கூட எடுப்பார்."

எல்லோரும் மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன், சொன்ன விதம் அப்படி. ஆனால் வீட்டுக்குப் போய் அந்த வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் அவன் ஒரே பக்கமாகத்தான் தப்பாக அடிக்கிறான். தெரியாதவன் நாலாபக்கமும் அடிப்பான். ஒரே பக்கமாகத் தப்பு செய்கிறவனுக்கு ஏதோ காரணம் இருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு உங்களைப் போனக்காட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். நீங்களும் வந்தீர்கள், அதை மறைக்கவில்லை. மாமி தயிர்சாதம் கட்டிக் கொடுத்தாள். நெடுமங்காடு வரைக்கும் என்னைக் கிண்டல் செய்துகொண்டே வந்தீர்கள். விதுரா தாண்டி பஸ் மலை ஏறத் தொடங்கியதும் பேச்சு நின்றது. தலை சுற்றுகிறது என்றீர்கள்.

தோட்டத்து மைதானம் ஃபேக்டரிக்குக் கீழே இருக்கிறது. மைதானம் என்பது அவர்கள் வைத்த பேர். வீடியோவில் சமமாகத் தெரிந்த இடம் அதுதான். கீழே நின்று மேல்பக்கம் பார்த்து எடுத்திருக்கிறார்கள், அதனால் சரிவு படத்தில் தெரியவில்லை. நேரில் போனால் நிற்கும்போதே ஒரு முழங்கால் மடங்குகிறது. நீங்கள் தண்ணீர் பாட்டிலைக் கீழே வைத்தீர்கள். அது உருண்டது. நீங்கள் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அதன் பின்னால் ஓடினீர்கள். ஆடிக்கொண்டிருந்த பையன்கள் ஆட்டத்தை நிறுத்திவிட்டுக் கை தட்டினார்கள்.

பாட்டிலைப் பிடித்துக் கொண்டுவந்து கொடுத்தவனே அந்தப் பையன்தான்.

"யாரு மாமா நீங்க? ஆபீசரா?"

"உனக்கு மார்க் போட்டவா நாங்க" என்று நான் சொன்னேன்.

அவனுக்கு விஷயம் தெரிந்திருந்தது. போட்டோ அவனுக்கும் போயிருக்கிறது. முகம் சுண்டியது, ஆனால் தலையைக் குனியவில்லை.

"ஒண்ணு போட்டிருக்கீங்க. பாத்தேன்."

"ஏண்டா, ஆள் இங்க நிக்கறான், நீ அங்க அடிக்கறயே?" என்று நீங்கள் கேட்டீர்கள்.

"மேலாக்க பாத்து அடிச்சாத்தான் மாமா பந்து வளைஞ்சு அவன் காலுக்குப் போவும். நேரா அடிச்சா கீழ ஓடைக்குத்தான் போவும். பெறகு யாரு எறங்கி எடுக்க?"

சொல்லிவிட்டு அடித்துக் காட்டினான். மேட்டைப் பார்த்து அடித்தான், பந்து ஏறியது, மெதுவாக வளைந்தது, இறங்கி எதிரில் நின்றவன் காலடியில் வந்து நின்றது. மறுபடி அடித்தான். மறுபடி அதே காலடி. பிறகு உங்களையே எதிரில் நிற்கச் சொன்னான். நீங்கள் நின்றீர்கள். பந்து உங்கள் செருப்பில் வந்து முட்டியது. வீடியோவில் வெட்டி எறிந்தது இந்தப் பாதியைத்தான்.

நீங்கள் அப்போது சொன்ன வார்த்தை எனக்கு மறக்கவில்லை.

"அட பாவி, கணக்குப் போட்டு அடிக்கறான்!"

திரும்பி வரும்போது உங்கள் கணுக்காலில் அட்டை கடித்திருந்தது. பஸ்ஸில் எல்லோருக்கும் காட்டினீர்கள். ஊர் வந்து இறங்கும்போது, "ஞாயித்துக்கெழமை பாத்துக்கலாம்" என்றீர்கள். நான் நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. போர்டில் ஒன்று அப்படியே இருந்தது.

"மாமா, அழியுங்கோ" என்றேன்.

"விதின்னா விதிதான். ஒருத்தனுக்காக அழிச்சா நாளைக்கு எல்லாரும் அழிப்பா."

"விதி, மேட்ச் பாத்துட்டு மார்க்கை மாத்தறவாளுக்கு. நாம வீடியோவே தப்பாப் பாத்திருக்கோம். நீங்களே போய்ப் பாத்தேளே?"

"நான் பாத்தது மலை. ஃபுட்பாலைப் பாக்கலை."

கூட்டத்தில் சிரிப்பு. ஒருவர், "அக்காவுக்கு அந்தப் பையன் மேல தனிப் பாசம் வந்துட்டுது" என்றார். உங்களுக்கு அட்டை கடித்த கதையைச் சொல்ல அவ்வளவு ஆசை. பந்து செருப்பில் வந்து முட்டிய கதையை மட்டும் ஏன் ஒருவரிடமும் சொல்லவில்லை? அதைச் சொன்னால் போர்டில் எழுதிய உங்கள் கையெழுத்து தப்பாகிவிடும். அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

ஒன்று சொல்லிவிடுகிறேன். அவன் பெரிய ஆட்டக்காரன் என்று நான் எங்கேயும் சொல்லவில்லை. நகரத்தில் பயிற்சிக்கு வந்த முதல் நாள் சமதளத்தில் இரண்டு மூன்று பாஸை வெளியே அடித்தான். பழக்கம் போகவில்லை. அரை மணி நேரத்தில் சரி செய்துகொண்டான், அதையும் கேலரியில் உட்கார்ந்து பார்த்தேன். வலது கால் வெறும் கட்டை, இடது காலால்தான் எல்லாம். தலையால் அடிக்கத் தெரியவில்லை. என்னைக் கேட்டால் பத்துக்கு ஆறு. ஏழு கேட்டால் தரமாட்டேன். ஆனால் ஆறு வாங்குகிறவனுக்கு பெஞ்சில் ஓர் இடம் உண்டு. ஒன்று வாங்கினவனுக்குக் கிடையாது.

கிடைக்கவும் இல்லை. எடுத்த பையன்களில் சிலரைக் கழித்துவிட்டுத்தான் அணி மற்றவர்களைப் பதிவு செய்யும். கழித்த பெயர்களில் அவன் இருந்தான். நான் அணியின் மேனேஜரைப் போய்ப் பிடித்தேன். சின்ன வயசு, மலையாளி, மரியாதையாகத்தான் பேசினார்.

"சேச்சி, கோச்சுக்கு அவனை வெச்சுக்கணும்னுதான். பின்னே உங்க ஆளுங்களே போர்டுல ஒண்ணு எழுதி ஊரெல்லாம் அனுப்பியாச்சு. கேலரில வந்து உக்காரது நீங்கதானே? நாளைக்கு அவன் எறங்கினா கூவிக் கேலி பண்றதும் நீங்கதான். எனக்கு அந்தத் தலைவேதனை எதுக்கு?"

"போர்டைப் பாத்துத்தான் ஆளை எடுப்பீங்களா?"

"எடுக்கறதுக்குப் பாக்கலை சேச்சி. வேண்டாம்னு வைக்கறதுக்குப் பாத்தோம்."

நம் போர்டை யார் மதிக்கிறார்கள், சும்மா டீக்கடை வம்பு என்று இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். நீங்களும் அப்படித்தான் சொல்வீர்கள். இல்லை, மாமா. அந்தப் போர்டு ஒருவனை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறது.

விழிஞ்ஞத்துப் பையன் நன்றாக ஆடுகிறான், அதில் பொய் இல்லை. அவனிடமும் போனக்காட்டுப் பையனைப் பற்றிக் கேட்டேன். "அந்த மலைக்காரன் எங்கே சேச்சி? பிராக்டீஸ்ல எனக்கு வாகா பந்து தந்தது அவன் ஒருத்தன்தான்" என்றான். இதையும் போர்டுக்கு முன்னால் சொன்னேன். "கொழந்தைகள் ஒண்ணுக்கொண்ணு விட்டுக் கொடுக்காதுகள்" என்றீர்கள். உங்களுக்கு எதற்கும் ஒரு பதில் இருக்கிறது, சரியான கேள்விக்குத் தவிர.

போனக்காட்டுப் பையனுக்குப் போன் செய்தேன். ஏணியின் மேல் இருந்தான் போலிருக்கிறது, கீழே இறங்கிப் பேசினான். அழவில்லை. திட்டவும் இல்லை.

"அந்த மாமா நேருல பாத்தாருல்லாக்கா? பெறகு என்ன போட்டாரு?"

கவுண்டரில் உட்கார்ந்து ஊரையே சமாளிக்கிறவள் நான். அவனிடம் மட்டும், மாமாவிடம் கேட்டுச் சொல்கிறேன் என்று தப்பித்துப் போனை வைத்தேன்.

இன்னும் ஒரு வழி இருக்கிறது. மழைக்காக லீகை நிறுத்தி மறுபடி தொடங்கும்போது ஒவ்வொரு அணியும் ஒரு ஆளை மாற்றிக்கொள்ளலாம். மேனேஜரிடம் அதையும் கேட்டேன். "நீங்க கூட்டமா சொல்லுங்க, நான் கோச்சிடம் பேசறேன்" என்றார். நான் ஒருத்தி சொன்னால் போதாது. நீங்கள் சொல்ல வேண்டும். உங்கள் கையெழுத்துதான் அவர்களுக்குத் தெரியும்.

என்னைக் கூட்டத்திலிருந்து நீக்கப் போவதாகப் பேச்சு அடிபடுகிறது. நீக்குங்கள். கேலரி யாருடைய சொத்தும் இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு வந்து தனியாக உட்கார்ந்து கத்துவேன். ஆளே இல்லாத பக்கத்தில் உட்கார்ந்தாலும் என் தொண்டை உங்களுக்குக் கேட்கும்.

வருகிற ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் இருப்பார்கள். சேட்டனிடம் கடையை முழுசாகத் திறந்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். மேனேஜரையும் வரச் சொல்லியிருக்கிறேன். அந்தப் பையன் முதல் பஸ்ஸைப் பிடித்து வருகிறான். நீங்கள் அந்தப் போர்டுக்கு முன்னால் நின்று, அவன் முகத்தைப் பார்த்து, எல்லோருக்கும் கேட்கிற மாதிரி ஒரே ஒரு பதில் சொல்லுங்கள். போனக்காட்டு மைதானத்தில் அவன் அடித்த பந்து உங்கள் செருப்பில் வந்து முட்டியதா, இல்லையா?