சாயம் போன துணியும் எனக்காகச் சாட்சி சொன்னவரும்

சைதாப்பேட்டை நீதிமன்ற வராந்தாவில் என் பெயரை உரக்கக் கூப்பிட்டார்கள். "அருள்மேரி! அருள்மேரி!" திருமுழுக்கில் எனக்குக் கிடைத்த பெயர் அது. அன்று குற்றம் சாட்டப்பட்ட ஒருத்தியின் பெயராக அது ஒலித்தது. கூட வந்திருந்த என் கணவர்தான் முழங்கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போனார்.

நம் பங்கின் அன்பியக் குழுவைச் சேர்ந்த சொந்தங்களே, நான் அங்கே போய் நின்ற கதையையும், கடவுள் என்னை அங்கிருந்து மீட்டுக்கொண்டு வந்த விதத்தையும் சொல்லாமல் என்னால் இருக்க முடியவில்லை.

மந்தைவெளியில் நான் பள்ளிச் சீருடை தைத்துக் கொடுக்கிறேன் என்பது உங்களில் பலருக்குத் தெரியும். என்னுடன் நான்கு பெண்கள் வேலை செய்கிறார்கள். ஒரு பள்ளியிலிருந்து பெரிய ஆர்டர் வந்தது. வெள்ளைச் சட்டை, மேலே கையில்லாத மெரூன் பினோஃபார். மெரூன் துணியைத் தி.நகரில் ஒரு மொத்த வியாபாரியிடம் எடுத்தேன். அவர் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. பின்தேதியிட்டு ஒரு செக் கொடுத்தேன். பள்ளி பணம் தந்ததும் அது பாஸாகிவிடும் என்ற நம்பிக்கைதான்.

ஜூன் மாதம் பள்ளி திறந்தது. பிள்ளைகள் போட்டுக்கொண்டு போன சீருடை முதல் தடவை துவைத்ததிலேயே சாயம் விட்டது. ஒரு தாய் நேராக எங்கள் தையல் யூனிட்டுக்கே வந்துவிட்டார். கையில் மகளின் வெள்ளைச் சட்டை. நெஞ்சிலும் கையிலும் சிவப்பாகத் திட்டுத் திட்டாய் இருந்தது. "இதைப் போட்டுக்கினு என் பொண்ணு எப்படிங்க ஸ்கூலுக்குப் போவா?" என்று கேட்டார். அடுத்த சில நாட்களில் பள்ளி எல்லாவற்றையும் திருப்பி அனுப்பிவிட்டது. பணமும் கிடையாது, இனி ஆர்டரும் கிடையாது.

மீதித் துணியையும் தைத்த உடுப்புகளையும் லோடு ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வியாபாரியின் கடைக்குப் போனேன். அவர் இறக்கவே விடவில்லை.

"இன்னாம்மா, சோடா உப்புல ஊற வெச்சா எந்தத் துணியும் சாயம் போவத்தான் செய்யும். இதே லாட்டு ஊரு பூரா வித்துக்கீறேன். ஒருத்தரும் வாயத் தொறக்கல."

"செக்கையாவது போடாதீங்க சார். பேசி முடிச்சுக்கலாம்."

"பாக்கலாம், போங்க."

அந்த வாரமே செக்கை வங்கியில் போட்டுவிட்டார். கணக்கில் பணம் இல்லாமல் அது திரும்பியது. பிறகு வக்கீல் நோட்டீஸ் வந்தது.

என் கணவர் ஜேம்ஸ் கணக்கு வாத்தியார். வம்பு என்றாலே அடுத்த தெரு வழியாகப் போகிறவர். "எங்கயாவது கடன வாங்கிக் கட்டித் தொலைச்சிடலாம் மேரி. நம்ம வீட்ல யாரு கோர்ட்டு வாசலை மிதிச்சிருக்கா?" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் எனக்கு மனசு ஒப்பவில்லை. "நாம ஏமாத்தலைங்க. ஏமாந்தோம். ஏமாந்ததுக்கும் சேர்த்து நாமளே பணம் கட்டணுமா?" என்றேன்.

அடையாறில் மேகலா என்ற வழக்கறிஞரைப் போய்ப் பார்த்தேன். அவர் எதையும் மழுப்பவில்லை. "செக் உங்களுது, கையெழுத்தும் உங்களுது. அதனால கடன் இருக்குன்னுதான் சட்டம் முதல்ல எடுத்துக்கும். இல்லைன்னு காட்ட வேண்டியது நம்ம பொறுப்பு. தாங்குவீங்களாம்மா?"

தாங்குவேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். உண்மையில் தாங்கவில்லை. நோட்டீசுக்குப் பதில் அனுப்பியும் வியாபாரி வழக்குப் போட்டார். ஜாமீனுக்கு ஆள் தேடினோம். உறவுக்காரர்கள் போன் எடுக்கவில்லை. கோயில் பூசையில் வெட்கத்தில் கடைசி பெஞ்சுக்குப் போனேன். சமாதானம் சொல்லிக் கைகூப்பும் நேரம் வந்தால் தலை குனிந்துகொள்வேன். "கடவுளே, எப்படியாவது இந்தக் கேஸை இல்லாமப் பண்ணிடு" என்பது மட்டும்தான் அந்த நாட்களில் என் செபம். வழக்கு இல்லாமல் போகவில்லை. வாய்தா மேல் வாய்தா வந்தது.

"குற்றத்தை ஒப்புக்கொள்கிறீர்களா?" என்று நீதிபதி கேட்ட அன்றைக்கு மட்டும், எனக்கு எங்கிருந்தோ குரல் வந்தது. "இல்லைங்க ஐயா. துணி கெட்டுப்போன துணி" என்றேன்.

பிறகு வியாபாரி சாட்சி சொன்னார். அதே லாட் துணியைப் பல பேருக்கு விற்றதாகவும், யாருமே குறை சொல்லவில்லை என்றும் அடித்துச் சொன்னார். வெளியே வந்ததும் மேகலா மேடம் என்னிடம், "உங்க வார்த்தையை மட்டும் வெச்சு இதை உடைக்கிறது கஷ்டம்மா. இதே துணி வாங்கின வேற யாராவது வந்து சொன்னாதான்" என்றார்.

மறுநாள் காலைத் திருப்பலி முடிந்து எல்லாரும் போன பிறகு, நற்கருணைப் பேழைக்கு முன்னால் முழங்காலில் நின்றேன். அன்றுதான் என் செபம் மாறியது. "ஆண்டவரே, கேஸை எடுத்துப் போடுன்னு இனிமே கேக்க மாட்டேன். நான் நின்னு பேசறேன். உண்மையைச் சொல்ல இன்னொரு வாய் மட்டும் குடு. யாரையாவது அனுப்பு." அழுகை வரவில்லை. நெஞ்சுக்குள் ஒரு திடம் வந்தது.

அந்த வாரம் பட்டன் வாங்கத் தி.நகர் போனேன். கடையில் பஷீர் பாய் நின்றுகொண்டிருந்தார். மேற்கு மாம்பலத்தில் சீருடை தைப்பவர். முன்பு எனக்கு வர வேண்டிய ஒரு பள்ளி ஆர்டரை விலை குறைத்து வாங்கிக்கொண்டவர். அதிலிருந்து அவரைப் பார்த்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். அன்றும் திருப்பினேன். அவர் விடவில்லை.

"சிஸ்டர், ஒரு நிமிஷம். அந்த மெரூன்ல நீங்களும் மாட்டிக்கிட்டீங்களாமே? எனக்கும் அதே கதிதான். நான் சத்தம் போட்டதும் அவரே ஆள் அனுப்பித் திருப்பி எடுத்துக்கிட்டாரு. வேற துணி குடுத்துட்டு, வெளிய சொல்லாதீங்க பாய்னாரு."

கையிலிருந்த பட்டன் பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டேன். "பாய், இதைக் கோர்ட்டுல வந்து சொல்வீங்களா?"

அவர் முகம் சுருங்கிவிட்டது. "அவர்கிட்டதான் கடனுக்கு சரக்கு எடுக்கிறேன் சிஸ்டர். யோசிச்சு சொல்றேன்."

போன் வரவில்லை. நான் மேற்கு மாம்பலத்துக்கே போனேன். அவர் இல்லை, அவர் மனைவி இருந்தார். நான் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டு, "நானும் மெஷின் மிதிக்கிறவதான் சிஸ்டர். எத்தனை உருப்படி வீணாச்சுன்னு நெனைச்சா எனக்கு வயிறு எரியுது. நீங்க போங்க, அவர்கிட்ட நான் பேசிக்கிறேன்" என்றார். இரண்டு நாளில் பாய் கூப்பிட்டார். "வர்றேன். பேரைக் குடுத்துடுங்க" என்றார்.

சாட்சிக் கூண்டில் அவர் நடந்ததை நடந்தபடி சொன்னார். எதிர்த்தரப்பு வக்கீல் எழுந்து, "நீங்க ரெண்டு பேரும் ஒரே தொழில். ஃப்ரெண்டுக்காகப் பொய் சொல்றீங்க, சரியா?" என்று மடக்கினார்.

"ஃப்ரெண்டா?" என்றார் பாய். "அவங்க ஆர்டரை நான் எடுத்ததுல இருந்து என் மூஞ்சியைக்கூடப் பாக்க மாட்டாங்க சார்!"

நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்தது. நீதிபதிகூட லேசாகச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. எனக்கு வேண்டிய ஒருவர் வந்து பேசியிருந்தால் அந்தச் சாட்சிக்கு அவ்வளவு பலம் இருந்திருக்காது. நான் முகம் திருப்பிய ஆளையே ஆண்டவர் தேடி எடுத்திருக்கிறார்.

தீர்ப்பு நாளில், துணி குறையுள்ளது என்பதும், அதைத் திருப்பிக் கொடுக்க நான் முன்வந்தேன் என்பதும் நம்பும்படி இருக்கிறது, அந்தச் செக்குக்குரிய கடன் நிரூபிக்கப்படவில்லை என்று வாசித்தார்கள். நான் விடுதலை. வராந்தாவுக்கு வந்ததும் ஜேம்ஸ் சுவரில் சாய்ந்துகொண்டு சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

போன ஆர்டர் திரும்பவில்லை. பட்ட நஷ்டமும் நஷ்டம்தான். பஷீர் பாய்க்கு அந்த வியாபாரி சரக்கை நிறுத்திவிட்டார். இப்போது ஈரோட்டிலிருந்து நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதான் துணி வரவழைக்கிறோம். ரம்ஜானுக்கு அவர்கள் வீட்டு பிரியாணி எங்கள் வீட்டுக்கு வருகிறது, கிறிஸ்துமஸுக்கு எங்கள் கேக் மாம்பலம் போகிறது. அந்த வியாபாரிக்காகவும் செபிக்கிறேன். அதுதான் இன்னும் கஷ்டமாக இருக்கிறது. ஆனாலும் செபிக்கிறேன்.

உங்களில் யார் வீட்டிலாவது இப்படி ஒரு நோட்டீஸ் வந்திருக்கலாம். பயந்து மூடி வைக்காதீர்கள். நல்ல வழக்கறிஞரைப் பாருங்கள், உண்மையைச் சொல்லுங்கள், பின்வாங்காதீர்கள். முழங்காலில் நின்று கேளுங்கள். கேட்டுவிட்டு எழுந்து கடைத்தெருவுக்குப் போங்கள். ஆண்டவர் அனுப்புகிற ஆள் நமக்குப் பிடிக்காதவராகக்கூட இருக்கலாம். அவர் கூப்பிட்டால் திரும்பிப் பாருங்கள்.