ரத்தம் விழுங்கிய செல்

ஐம்பதுகளில் திருவொற்றியூர்ப் பக்கம் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் மைக்ராஸ்கோப் பார்க்கிற வேலை எனக்கு. கண் கூர்மை என்று டாக்டர் நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை.

எங்கள் தெருவில் குடியிருந்த துறைமுகத் தொழிலாளிக்கு ரத்த பேதி. அவர் மனைவி மலத்தைச் சிகரெட் டப்பாவில் எடுத்துக்கொண்டு மூச்சிரைக்க வந்தாள். டப்பா சில்லிட்டிருந்தது.

"ஆறிப்போச்சேம்மா," என்றேன்.

"இன்னா பண்றது அண்ணாத்தே, ரயில்வே கேட்டு தொறக்கவேயில்ல. ரத்தமா போய்கினே கீது. பொயச்சிக்குவாரா?"

சீதபேதி அமீபா சூட்டில்தான் ஊரும். ஊர்வதைப் பார்த்த பிறகுதான் அமீபா என்று சொல்ல வேண்டும். வேறு கொண்டு வா என்று சொல்லியிருக்கலாம். திமிர், சொல்லவில்லை.

ஸ்லைடில் பெரிய செல் ஒன்று அசையாமல் கிடந்தது. அதற்குள் மூன்று சிவப்பணுக்கள். எப்படி உள்ளே போயிருக்கும் என்று படித்திருந்தேன். செல்லுக்கு வாய் கிடையாது. மேல்சவ்வு எந்த இடத்திலும் குழியும், இரையை வளைத்து மூடும், பையாகக் கழன்று உள்ளே போகும். அந்தப் பைக்குள்ளேயே இரை கரைந்துவிடும். பாவி, மனுஷ ரத்தத்தைத் தின்றுகொண்டு கிடக்கிறதே என்று நினைத்தேன். "அமீபா" என்று எழுதிக் கொடுத்தேன்.

எமெட்டின் ஊசி போட்டார்கள். இதயத்தைப் பாதிக்கிற மருந்துதான். ஆனால் அமீபாவுக்கு அப்போது அதைத்தான் நம்பியிருந்தோம். நாலாம் நாளும் ரத்தம் நிற்கவில்லை, நாடி தடுமாறியது. டாக்டர் தாமே புதிதாக எடுத்து, சூடு ஆறுமுன் பார்த்தார்.

"இது அமீபா இல்லய்யா," என்றார். "அவனோட சொந்த வெள்ளணு. குடல் புண்ணைச் சுத்தம் பண்ண வந்தது. அதுவும் இப்படித்தான் வளைச்சு விழுங்கும்."

பேதி வேறொரு கிருமியால் வந்தது. முதல் நாளே அதைக் கொல்லும் சல்பா மாத்திரை கொடுத்திருக்க வேண்டும். அன்று கொடுத்தோம். மறுநாள் காலை எழுந்து உட்காரப் பார்த்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். எமெட்டினைத் தாங்காமல் இதயம் நின்றுவிட்டது.

காரியத்துக்குப் போனேன். உண்மையைச் சொல்லிவிடத்தான் போனேன். அவள் அழுததைப் பார்த்ததும் சொல்லாமலே திரும்பிவிட்டேன். கோழை நான், வேறென்ன சொல்ல?

பத்து நாள் கழித்து ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் பெண் குழந்தை, துவண்டு கிடந்தது.

"இதுக்கும் ரத்தமா போவுது அண்ணாத்தே. நீயே பாரு. அவருக்கு இன்னா பூச்சின்னு நீதான கண்டுபுடிச்சே."

குழந்தையை வாங்கிக்கொண்டு டாக்டர் அறைக்கு ஓடினேன். அவளும் பின்னாலேயே ஓடி வந்தாள்.

"இன்னா அண்ணாத்தே, நீ பாக்கமாட்டியா?"