உப்புத் தண்ணீரில் ஐஸ்

துருவத்துப் பனிப்பாறைகளைச் சூடேறும் கடல் அடியிலிருந்து எப்படிக் கரைக்கிறது என்று கண்டியில் இருந்துகொண்டு ஆராய்ந்தவள் நான். பனி விழுந்து கண்டதேயில்லை. யுத்த காலம், ஓயாத மின்வெட்டு. ஆய்வுகூடத்துக் குளிர்ப்பெட்டியை நம்பினால் தண்ணீர்தான் மிஞ்சும். அதனால் மடவளை மீன் வியாபாரி ஒருவரின் வான் வண்டியில், மரத்தூளில் புதைத்த ஐஸோடு ஆய்வுகூடத்துக்குப் போவேன். அண்ணன் முறையில் நானா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன்.

அன்று கட்டுகஸ்தோட்டைக்குக் கிட்ட ஆமிக்காரர் மறித்தார்கள். என் பெட்டிக்குள் வெப்பமானி, வயர், கண்ணாடிக் கோப்பைகள், உப்பு. அடையாள அட்டையில் பிறந்த இடம் யாழ்ப்பாணம். குண்டு என்று சந்தேகிக்க இது போதாதா? சிப்பாய் ஒருவன் அட்டையைத் தன் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். அப்படிப் பிடிபட்ட சிலர் வீடு திரும்பவேயில்லை.

ஐஸில் என்ன ஆராய்ச்சி என்று அவன் சிங்களத்தில் கேட்டான். உப்புத் தண்ணீரில் ஐஸ் மெதுவாகக் கரையும், ஏனென்று பார்க்கிறேன் என்றேன். நானா அதைச் சிங்களத்தில் சொன்னார். அவன் நம்பவில்லை. உப்புப் பட்டால் ஐஸ் சீக்கிரம் கரையும் என்று சின்னப்பிள்ளைக்கும் தெரியுமாம். செய்து காட்டு, பொய்யென்றால் முகாமுக்கு வா என்றான்.

"தங்கச்சி, நீங்க செஞ்சி பாத்தீங்க தானே?" என்று நானா மெதுவாகக் கேட்டார்.

"இல்லை நானா. இண்டைக்குத்தான் செய்ய இருந்தனான்."

"யா அல்லாஹ்!"

ஒரே வாளித் தண்ணீரை இரண்டு கோப்பைகளில் ஊற்றி, ஒன்றில் உப்பைக் கரைத்தேன். ஒரே அளவான ஐஸ்துண்டுகளை இரண்டிலும் போட்டு, அவற்றின் மேல் பேனா மை ஒவ்வொரு சொட்டு விட்டேன். வெறும் தண்ணீரில் மை விறுவிறுவென்று அடிக்கு இறங்கியது. உப்புத் தண்ணீரிலோ, கரைந்த குளிர்நீர் மையோடு மேலேயே போர்வைபோலக் கிடந்து ஐஸை மூடிக்கொண்டது. "அட!" என்றேன். பயம் எங்கே போனதோ தெரியவில்லை. இந்தப் போர்வைக்குக் கீழால் சூடான கடல்நீர் வந்து முட்டினால் என்ன ஆகும்? மூக்கு தண்ணீரில் படுமளவுக்குக் குனிந்துவிட்டேன்.

வெறும் தண்ணீரில் கிடந்த ஐஸ் கரைந்து முடிந்தது. உப்புக் கோப்பையில் பாதி இன்னும் மிதந்தது. சிப்பாய் சிரித்தபடி அட்டையை நீட்டிப் போகச் சொன்னான்.

"கொஞ்சம் பொறுங்கோ நானா, மற்றதும் கரையட்டும்."

நானா என் பெட்டியைப் பறித்து வானுக்குள் எறிந்தார். "ஏறுங்க!"

கட்டுகஸ்தோட்டைப் பாலம் கடந்ததும் வானை ஓரங்கட்டினார். ஸ்டியரிங்கில் தலையைச் சாய்த்து, அந்தப் பெரிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார்.

"ஒங்கள அவனுகள் கொண்டு போயிருந்தா, என்னய நம்பி ஒங்கள அனுப்புற ஒங்கட அப்பாக்கு நான் எந்த மொகத்தோட பதில் செல்ற?"

அப்பா என்ற சொல்லைக் கேட்ட பிறகுதான் என் கால்கள் உதறத் தொடங்கின.