கழுவுற பெட்ரோல்

இன்றைக்குக் காலையில் எங்கள் தெருவில் நகராட்சி ஆள் ஒருவர் மிஷினைத் தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டினார். ஜன்னலைச் சாத்தலாம் என்று எழுந்து போனவன் சாத்தாமல் அங்கேயே நின்றுவிட்டேன். ஆயில் கலந்த பெட்ரோல் எரிகிற நாற்றம். "இருமலை வச்சுக்கிட்டு அந்தப் பொகையப் போயி மோந்துக்கிட்டு நிக்கியளே, கிறுக்கா ஒங்களுக்கு?" என்றாள் வீட்டுக்காரி. கிறுக்குதான். ரிட்டயர் ஆகி, ரெண்டு முட்டியும் தேய்ந்த மனுசனுக்கு மோந்து பார்ப்பதைத் தவிர வேறு என்ன வேலை இருக்கிறது, சொல்லுங்கள்.

அந்த நாற்றம் ஒரு காலத்தில் என் சட்டையிலேயே குடியிருந்தது. எண்பதுகளின் கடைசியில் ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் நான் ஃபிட்டர். ஷிப்ட் முடிந்தால் நேரே பஸ் ஏறி ஸ்ரீவில்லிபுத்தூர். ஊரே பால்கோவா வாங்கப் போகும், நான் சேசுராஜின் மோட்டார் பைக்கைக் கழற்றப் போவேன். சேசுராஜ் மம்சாபுரத்துக்காரன், என் வயசு. ஸ்ரீவில்லிபுத்தூரில் ரேடியோ, டேப் ரிக்கார்டர் ரிப்பேர் கடை வைத்திருந்தான். சின்ன வயசில் வந்த காய்ச்சலில் இடது கால் சூம்பிப்போயிற்று. தாங்கித் தாங்கித்தான் நடப்பான். வாய்க்கு மட்டும் ஒரு குறையும் இல்லை.

வண்டி ரெண்டு சைலன்சர் வைத்த பழைய டூ ஸ்ட்ரோக். அப்போதே கிழடு. மாட்டுக்குப் பேர் வைக்கிற மாதிரி அதற்கு 'செவலை' என்று பேர் வைத்திருந்தான். அந்த வண்டிக்குக் கிக்கர் இடது பக்கம். கடவுளுக்கு எம்புட்டுக் குசும்பு பாருங்கள்! கியர் போடுகிற அளவுக்கு அவன் காலில் வலு உண்டு, உதைக்கத்தான் வலு கிடையாது. அதனால் டீக்கடை, சர்ச், டாக்கீஸ், எங்கே போனாலும் மேடு பார்த்துத்தான் வண்டியை நிறுத்துவான். கிளம்பும்போது உருட்டிவிட்டு, கிளட்சை விட்டால் ஓடிவிடும். மேடு இல்லாத இடத்தில் நான் உதைத்துக் கொடுப்பேன். உதைத்துக் கொடுப்பதில் எனக்கு ஒரு பெருமை. "நீ ஏறி உக்காருலே, நான் இருக்கேன்ல" என்பேன், நாலு பேர் காதில் விழும்படி. என்ன பெருமையோ, எழவு.

செவலை தினமும் ஏதாவது கேட்கும். பிளக்கில் கரி பிடித்துவிடும். எமரித் தாளால் தேய்த்து, ஆக்ஸா பிளேடு நுழைகிற அளவுக்கு இடைவெளி வைத்து மாட்டணும். சைலன்சர் அடைத்துக்கொண்டால் உள்குழாயை உருவி விறகடுப்பில் போட்டுச் சுட்டு எடுக்கணும். ஒரு தடவை எங்கள் வீட்டு அடுப்பில் சுட்டதில் ரெண்டு நாளைக்கு ரசத்திலும் ஆயில் வாசம். எங்கப்பா ஒரு வாய் குடித்துவிட்டு, "இன்னைக்கு மில்லுல சாப்டுக்கிடுதேன்" என்று எழுந்து போனார். கடையின் பின்பக்கம் ரெண்டு தகர டின் வைத்திருந்தோம். ஒன்றில் ஆயில் கலந்த பெட்ரோல், ஓட்டுவதற்கு. இன்னொன்றில் வெறும் பெட்ரோல், கார்ப்பரேட்டர் கழுவுவதற்கு. கழுவுற பெட்ரோலை டேங்கில் ஊற்றிவிட்டால் போச்சு. உள்ளே பிஸ்டன் வழுக்குவதற்கு எண்ணெயே இருக்காது, சூடாகி அப்படியே இறுகிவிடும். இது எனக்குத் தெரியாதா? மெஷினோடு மெஷினாகக் கிடந்தவன் நான். தெரிந்தவனுக்குத்தான் மறதி வரும்.

பொங்கல் முடிந்த மறுநாள், ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடிவாரத்து ஆற்றில் பையன்கள் மோட்டார் பைக் போட்டி நடத்துவார்கள். வேகப் போட்டி இல்லை. காய்ந்த ஆற்றில் பாறை, மணல், குழி, குறுக்கே ஒரு தென்னந்தடி. ரெண்டு பக்கமும் சுண்ணாம்புப் பொடியால் கோடு. அதற்குள் எவ்வளவு மெதுவாக வேண்டுமானாலும் போகலாம், கால் மட்டும் தரையில் படக்கூடாது. பட்டால் அவுட்டு. சேசுராஜுக்கு அந்தப் போட்டியின்மேல் உசிர். "ஊர்ல நல்ல காலு வச்சிருக்கவன் அம்புட்டுப் பேரும் அங்க வந்து காலத் தூக்கிக்கிட்டுத்தானலே போகணும்" என்று சிரிப்பான். அவனைப் போலக் கிளட்சை நூல் இழுக்கிற மாதிரி இழுத்து வண்டியை நடத்த யாருக்கும் வராது. ரெண்டு வருசம் கடைசிக் குழியில் தவறவிட்டான். மூணாவது வருசம் போவதற்கு முந்தின நாள் சொன்னான்: "கப்பு கிடக்கட்டும்லே. மைக்குல எம் பேரச் சொல்லணும். நொண்டி, கால் சரியில்லாதவர், ஒண்ணும் சேக்காம வெறும் சேசுராஜுன்னு."

போட்டி அன்றைக்குக் காலையில் பதற்றத்தில் கார்ப்பரேட்டரை மறுபடி கழற்றிக் கழுவினேன். டேங்கையும் கவிழ்த்துச் சுத்தம் பண்ணினேன். மாட்டி முடித்து, கைக்கு எட்டிய டின்னை எடுத்து டேங்கில் ஊற்றினேன். டெம்போவில் ஏற்றி ஆற்றுக்குக் கொண்டுபோய் இறக்கி, ஒரு பெரிய பாறைக்குப் பின்னால் ஆள் பார்க்காத இடத்தில் உதைத்துக் கொடுத்தேன். அங்கே எல்லாம் சமதரை, மேட்டுக்கு எங்கே போக? அதன் பிறகு அவன் இஞ்சினை அணைக்கவில்லை. முன்னால் ஏழெட்டு வண்டி இருந்தது. "செத்த நேரம் ஆஃப் பண்ணி வையேன்லே" என்றேன். மாட்டேன் என்று தலையை ஆட்டினான்.

அவன் முறை வந்தது. அடடா, என்ன ஓட்டு! முதல் பாறையில் ஏறி, நின்று, மூச்சு வாங்குகிற மாதிரி நின்று, இறங்கினான். தென்னந்தடியை அலுங்காமல் தாண்டினான். கடைசிக் குழியிலும் இறங்கி ஏறிவிட்டான். முடிகிற கோட்டுக்கு இன்னும் ரெண்டு ஆள் நீளம். அப்போது 'கிறீச்' என்று ஒரு சத்தம். பின் சக்கரம் அப்படியே பிடித்துக்கொண்டது. வண்டி இடது பக்கம் சாய்ந்தது. ஊன்றினான், அந்தக் கால் தாங்குமா? வண்டியோடு விழுந்தான்.

மைக்கில் சொன்னார்கள்: "பாவம், கால் ஊனமுற்ற தம்பி, இம்புட்டுத் தூரம் வந்ததே பெருசு. எல்லாரும் ஒரு கைதட்டு குடுங்க." சனம் தட்டியது. சனத்தோடு சனமாக நானும் தட்டினேன். இதை எழுதும்போது கூசுகிறது.

மறுநாள் சிலிண்டரை லேத்துப் பட்டறையில் கொடுத்துவிட்டு வெளியே நின்றோம். உள்ளே கோடு கோடாகக் கீறியிருந்தது. எனக்குத் தாங்கவில்லை. "ஏலே, கழுவுற பெட்ரோல ஊத்திட்டேன்லே. என் தப்புதான்" என்றேன்.

"தெரியும்" என்றான். "நிக்கும்போதே பாத்தேன். வர வர ஆயில் பொகையே இல்ல."

"பொறவு ஏம்லே நிப்பாட்டல?"

"நிப்பாட்டுனா நீ திரும்ப ஓடியாந்து உதைப்ப. அம்புட்டுப் பேரும் பாப்பாங்க. இஞ்சின் போனாப் போவுதுன்னு விட்டுட்டேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். சாதாரணமாகச் சொன்னான். அதன் பிறகும் கடைக்குப் போனேன், டீ குடித்தோம், பேசினோம். வண்டியைத் தொடத்தான் கை வரவில்லை. அவனும் கூப்பிடவில்லை. தொண்ணூறுகளின் பாதியில் கடையைக் காலி பண்ணிக்கொண்டு திருப்பூர் பக்கம் போனான் என்றார்கள். என்னிடம் சொல்லிக்கொண்டு போகவில்லை.

ஆற்றில் அந்தப் பாறைகளை உடைத்து வீடு கட்டிவிட்டார்கள். பங்க்குகளில் ஆயில் கலந்து ஊற்றுகிற பம்பும் போயிற்று. இப்போது வண்டிக்குப் பட்டன், கட்டைவிரலால் அமுக்கினால் ஓடும். அந்தப் பட்டன் அன்றைக்கு இருந்திருந்தால் சேசுராஜ் என் தயவு இல்லாமல் ஊரைச் சுற்றியிருப்பான். அவனுக்கு அது சந்தோசமாக இருந்திருக்கும். எனக்கு இருந்திருக்குமா என்று கேட்டுப் பார்க்கிறேன், நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. கிக்கர் ஒழிந்தது நல்லதுக்குத்தான். அவன் இப்போது எங்கே இருக்கிறான், இருக்கிறானா என்றுதான் தெரியவில்லை.